ஐந்து புள்ளி ஆறு

முதலில் கண்டுபிடித்தது பூனைதான்.
ராய்மோவின் வயிற்றின்மேல் சுருண்டு கிடந்தது.
மூச்சுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்,
அது எல்லா வயிற்றுக்கும் உண்டு.
இரண்டு மூச்சுக்கு நடுவே
இன்னொரு சின்னத் தூக்கல்,
உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல்.
பூனை எழுந்துபோய் நாற்காலியில் படுத்துக்கொண்டது.
நான் கையை வைத்துப் பார்த்தேன்.

துர்க்கு நகரத்தில் அந்த ஜனவரி
ஆற்றின்மேல் ஆட்கள் நடந்துபோனார்கள்.
உறைநிலைக்கு இருபத்திரண்டு கீழே
பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்தவர்
ஸ்கேன் அறைக் களிம்பு சில்லென்கிறது என்றார்.

பெருந்தமனி. தொப்புளுக்குச் சற்று மேலே.
இரண்டு செண்டிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில்
நான்கு புள்ளி எட்டு.
"இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்"
என்றாள் டாக்டர் ஹியத்தலா.

பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம் என்பது
அன்றுவரை எனக்குத் தெரியாது.
ஆறு மாதத்துக்கு ஒரு படம்.
ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை.
சிகரெட்டும் என்று அவள் தொடங்கியபோது
ராய்மோ ஜன்னலைப் பார்த்தார்.
நாற்பத்தாறு வருடம்
கோட்டுப் பையில் சதுரமாய்ப் புடைத்திருந்தது.

ஐந்து புள்ளி ஒன்று.
ஐந்து புள்ளி மூன்று.
எங்கள் பேரன் உயரத்தைக் குறிக்கும் கதவோரத்தில்
பென்சிலால் இதையும் குறித்துவைத்தார்.
நான் அழித்தேன்.

ஐந்து புள்ளி ஆறு.
ஐந்தரையைத் தாண்டினால்
தராசு சாய்கிறதாம்:
கத்தியைவிடக் காத்திருப்பது கனம்.

காகிதத்தின் பின்புறம் அவள் வரைந்தாள்.
ஒன்று, வயிற்றைத் திறப்பது.
தமனியை இடுக்கி நிறுத்தி
வீங்கிய இடத்தில் துணிக்குழாய் தைத்து மூடுவது.
ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், மேலும் ஆகலாம்.
தளர்ச்சி தீர மாதங்கள்.
ஆனால் தைத்தது பெரும்பாலும் தைத்ததுதான்.

இன்னொன்று, தொடையிடுக்கில் இரண்டு சின்னத் துளை.
மடித்த குடைபோல் ஒரு குழாய் மேலேறி
உள்ளே போய் விரியும்.
சில நாளில் வீடு.
ஆனால் ஓரத்தில் கசியலாம்;
ஆயுள் முழுக்கப் போய்ப் படமெடுக்கவேண்டும்.

ராய்மோ சிரித்தார்.
முப்பத்தொரு வருடம்
நகரத்தின் குடிநீர்க் குழாய்களோடு இருந்தவர்.
"லின்னன்கட்டுத் தெருவில் நாங்கள் செய்தது இதுதான்.
தோண்டாமல், பழைய குழாய்க்குள் புதுக்குழாய்.
ஒரே ராத்திரி. ஒரு கார்கூட நிற்கவில்லை.
மேலதிகாரி கேக் வாங்கித் தந்தார்.
அப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும்
கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க
யாரை அனுப்பினார்கள் தெரியுமா?"

"கசிந்ததா?"
"இரண்டு தடவை."
"பிறகு?"
"அடைத்தோம். போய்ப் பார்த்ததால் தெரிந்தது."

அவள் பேனாவை மூடினாள்.
உங்கள் தமனிக்கு இரண்டுமே பொருந்தும்,
உங்கள் நுரையீரலுக்கு அப்படியில்லை, என்றாள்.
தேர்ந்தெடுப்பது நீங்கள்.

பஸ்ஸில் அவர் பேசவில்லை.
வீட்டு வாசலில், சப்பாத்துப் பனியைத் தட்டியபடி,
தோண்டிவிடலாம் தூலிக்கி என்றார்.
ஒரேயடியாக முடிந்துபோகும்.
வருடாவருடம் போகிற ஆளா நான்?

பல் டாக்டரைப் பார்த்து
ஒன்பது வருடமாகிறது அவருக்கு.
அதை நான் சொல்லவில்லை.

தோண்டினால், என்றேன்,
அந்த வாரம் உன் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன்.
நுழைத்தால் வருடத்துக்கு ஒருநாள் பயப்படுவேன்.
எனக்கு மார்ச்சைக் கொடு.
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் அடுத்த சப்பாத்தைத் தட்ட
வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

இப்போது ஃப்ரிட்ஜ் நாள்காட்டியில்,
மார்ச் பதினொன்று, அவர் கையெழுத்தில்
ஒற்றைச் சொல்: லின்னன்கட்டு.
தொடையிடுக்கில் இரண்டு தழும்பு,
அரிசியளவு.
கோட்டுப் பை தட்டை. பெரும்பாலும்.

பூனை இன்னும் நாற்காலியில்தான்.
பார்த்துக்கொண்டிருக்கிறது.