பதினொரு புள்ளி மஞ்சள்

அக்டோபர் பதினேழு, பகல் மூன்று மணி.
ஒன்பது வருஷம் உழைத்த ஆப்பிள்
அரை முகத்தோடு அணைந்துபோனது.
அந்த நொடி நான்
ஹொனோராதாவின் இடது காதோரம்
ஒரு மடிப்பை நீக்கிக்கொண்டிருந்தேன்.

லுப்ளினில் என் பிழைப்பு இதுதான்:
இறந்தவர்களின் அடையாள அட்டைப் படங்களைத் துடைத்து
முட்டை வடிவப் பீங்கானில் சுட்டுத் தருவது.
கல்லில் பதிக்க வேறு ஆள்.
நவம்பர் முதல் தேதி
ஊரே விளக்கோடு கல்லறைக்கு வந்துவிடும்.
நாற்பத்தோரு முகம் பாக்கி.

'ஆப்பிளே வாங்கு ஹால்ஷ்கா, நிறத்தில் பொய் வராது'
என்றான் வித். கல்யாண ஆல்பம் போடுகிறவன்,
கையில் காசு புரள்கிறது.
'லினக்ஸ் போடு, யாருக்கும் கப்பம் வேண்டாம்'
என்றாள் சூளையில் பங்குக்காரி டோப்ராவா.
அவள் இயந்திரம் கண் விழிக்க
நாலு வரி தட்ட வேண்டும், மந்திரம் மாதிரி.
சில நாள் பலிக்கும்.
என் பீங்கான் மை பிரிண்டரோ
விண்டோஸ் தவிர எவரோடும் முகம் கொடுத்துப் பேசாது.

பென் டிரைவில் அவளை எடுத்துக்கொண்டு
கடைக்குப் போனேன்.
மூன்று திரையில் ஒரே கன்னம்.
ஒன்றில் காய்ச்சல்.
ஒன்றில் செத்து இரண்டு நாள்.
ஒன்றில், இப்போதுதான் மாடியேறி
மூச்சு வாங்க நிற்கிறாள்.
'உங்க அம்மாவா?' என்றான் கடைப்பையன்.
'ஆர்டர்' என்றேன்.

பொறுக்காமல் புருஷனுக்குப் போன் போட்டேன்.
கெர்வாஸி டிராலிபஸ் பிடித்து வந்தார்,
ஈரத் தொப்பியைக் கையில் சுருட்டியபடி.
மூன்றையும் பார்த்தார்,
யாரென்று தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல.
பிறகு நேரே பில் போடும் மேசைக்கு நடந்தார்.
அங்கே ஒரு கிழட்டு மானிட்டர்,
ஸ்டாக் எண்ணுவதற்கு. மூலையில் ஸ்டிக்கர் பிசின்.
'இதில் காட்டுங்கள்.'
பையன் சிரிப்பை அடக்கிச் செருகினான்.

'இவள்தான்' என்றார்.
'எங்கள் சமையலறை பல்பு
இந்த மஞ்சள்தான்.'

அதை விற்க மாட்டார்களாம்.

விண்டோஸ்தான் வாங்கினேன், பத்துத் தவணையில்.
நிறத்துக்காக இல்லை, அந்தக் கர்வி பிரிண்டருக்காக.
வித் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
அளவுக் கருவி வைத்து
திரையை அணு பிசகாமல் சரிசெய்தேன்,
சரிசெய்த கையாலேயே
ஸ்லைடரைப் பிடித்து அவள் மேல்
பதினொரு புள்ளி மஞ்சள் இழுத்தேன்.
சூளை எண்ணூறு டிகிரியில்
அதில் கொஞ்சம் தின்றுவிட்டது.
எவ்வளவு என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி
கடைசி முகமும் ஆறியது.
கெர்வாஸி ஒன்றும் சொல்லாமல்
பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
எனக்கென்னவோ அது இன்னும் ஒரு இழை சிவப்பு.

புதுக் கீபோர்டு பழகிவிட்டது.
கட்டைவிரல் மட்டும் இன்றைக்கும்
இடம் மாறிப்போன ஒரு கட்டையைத் தேடி
நழுவுகிறது,
செய்ததைச் செய்யாததாக்க.