ராசா பக்கம்

தராசுக்கு ராசாவைத் தெரியாது.
முப்பத்தொரு கிராமும் சில்லறையும்
என்று மட்டும் சொன்னது.

செட்டியார் தெரு. பகல் பதினொன்றரை.
கறண்ட் போயிருந்தது.
ஜெனீரா சல்தீன் கைலேஞ்சியை அவிழ்த்தாள்.
முடிச்சுக்குள் ஒரு பஸ் டிக்கட்,
இரண்டு ஏலக்காய்,
பிறகு அது.

ஒரு பக்கம் தாடி வைத்த பேரரசர்.
அறுபது என்ற இலக்கத்தைத் தவிர
அந்த எழுத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.
அறுபது வருடம் ஒரே திசையைப் பார்த்திருந்தால்
கழுத்து நோகாதா என்றார் முதலாளி.
சிரித்ததும் அவர்தான்.

மறு பக்கம் மலை.
மலைக்கு ஒரு வாய்.
எள்ளளவு.

"இது சம்பளம்" என்றாள்.

துறைமுகத்துக்கு வெளியே
நீதிமன்றம் கட்டிப்போட்ட கப்பல்.
பதினாலு மாதப் பாக்கி. கொம்பனி கையை விரித்துவிட்டது.
கப்டன் தன் அலுமாரியைத் திறந்து
ஒருவனுக்குக் கைக்கடிகாரம்,
ஒருவனுக்குத் தூரக்கண்ணாடி,
என்ஜின் அறை றிஸ்மிக்கு இந்த ராசா.
தண்ணீர் ஏற்றிப்போகும் படகில்
கரைக்கு வந்து சேர்ந்தது.
றிஸ்மி வரவில்லை. இறங்க அனுமதி இல்லை.

வெள்ளிதானா என்று பார்க்க
ஓரிடத்தில் உரசவேண்டும்.
விளிம்பைச் சுற்றி எழுத்து, இடமில்லை.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
அப்படி நான் யாரிடமும் கேட்பதில்லை.

பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு
வெளிச்சத்துக்குப் போனாள்.
நடைபாதையில் நின்று,
சைக்கிள்காரன் ஏசஏச,
நெடுநேரம் பார்த்தாள்.

"ராசா பக்கம் உரசுங்க.
இங்கிட்டு ஆள் நிக்குது."

நானும் பார்த்தேன்.
மலையின் வாயில் இரண்டு புள்ளி.
மனிதராக இருக்கலாம்.
அச்சில் விழுந்த பழுதாகவும் இருக்கலாம்.

தாடியில் உரசினேன்.
உரைகல்லில் ஒரு வெண்கோடு,
அதன்மேல் திராவகம் ஒரு சொட்டு,
இரத்தச் சிவப்பு.
நல்ல வெள்ளிக்கு அதுதான் நிறம்.

"ராசாவுக்கெண்டு தனியா ஒண்டும் இல்லையா?"
"வெள்ளிக்கு மட்டும்தான்."
"சுரங்கத்துக்கு?"

பற்றுச்சீட்டு எழுதத் தொடங்கினேன்.
வெளிநாட்டு நாணயம் ஒன்று.
தாடியில் கீறல்.

மாதம் பிறந்தால் வட்டியோடு வருவாள்.
மீட்கிற பேச்சே இல்லை.
கண்ணாடியை மட்டும் கேட்பாள்.
"நிக்குது" என்பாள்.
ஒருமுறை, வெயிலில் வந்த களையோடு,
"அவரும் கீழதான்" என்றாள்,
ஏதோ விலாசம் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு
காலிமுகத்திடலில் இறால் வடை தின்னும்போது
எந்த விளக்கு அந்தக் கப்பல் என்று எண்ணப் பார்த்திருக்கிறேன்.
ஏழு, எட்டு. சில நாள் ஆறு.
என்ஜின் அறை விளக்கு எதுவும்
கரைக்குத் தெரியாது என்பது
பிறகுதான் உறைத்தது.

ஐப்பசியோடு தவணை முடிகிறது.
ஏலத்துக்குப் போகிறவற்றின் பட்டியலை
இன்றே எழது என்கிறார் முதலாளி.
எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.
கொலுசு நான்கு சோடி. அரைஞாண் ஒன்று.
குத்துவிளக்கு, திரி முனை நெளிந்தது.
அடுத்த வரிக்குப் பேனா எழுதவில்லை என்று
உதறுகிறேன்,
உதறுகிறேன்.