பொருள் எண் 4471

எட்மன்டன் பேருந்து நிலையத்தின் அடித்தளத்தில்
தொலைந்தவற்றின் அறை. சன்னல் கிடையாது.
வெளியே எத்தனை மைனஸ் என்பதை
வருகிறவர்களின் புருவத்தில் படித்துக்கொள்வேன்.

நவம்பரில் ஓர் ஓட்டுநர் கொண்டுவந்து போட்டார்.
நரித்தோல். காதுக்கு இரண்டு மடல்,
பிடரிக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று,
மேலே கருநீல வெல்வெட்.
படிவத்தில் எழுதினேன்: தொப்பி, ஆண், பழையது.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கீழ்த்தட்டில் ஒற்றைப் பூட்ஸ்களின் நடுவே
இடம் இருந்தது. வைத்தேன்.

பதினோராவது வாரம் ஒரால்பெக் வந்தார்.
அடையாளம் சொல்லுங்கள் என்றேன்.
கண் அதற்குள் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது.
நிறைகுடத்தைத் தூக்குவதுபோல் இரு கையால் எடுத்தார்,
மடலில் ஒட்டிய சாலை உப்பை ஊதினார்.
"திமாக்" என்றார், எனக்கல்ல.

பிறகு, கோபமில்லாமல், எண்ணி எண்ணி:
காலணியோடு வைப்பதில்லை.
தரையில் போடுவதில்லை. தாண்டுவதில்லை.
ஒருவன் தலையிலிருந்து தட்டிவிட்டவன்
ஊர் கூடி விதித்த அபராதம் கட்டணுமாம்.
இன்னொரு தலைக்குப் போனால்
உடையவனின் 'பாக்' கூடவே போய்விடும்.
அதிர்ஷ்டத்துக்கு அவர் சொல் அது.
என் காதுக்கு, பாதியில் நின்றுபோன பாக்கியம்.

தோள் துண்டு தானாகக் கக்கத்துக்கு இறங்கும்
தெருக்களைத் தெரிந்தவள் நான்.
துணி வெறும் துணியல்ல என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
ஆனாலும் பூட்ஸோடு வைத்தேன்.

வைத்ததோடு விட்டேனா?
டிசம்பரில் ஒரு வியாழன், சாப்பாட்டு வேளை,
கழிப்பறைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன்.
புகையும் அந்நியத் தலையெண்ணெயும் மணந்தன.
யாரோ எழுந்து நின்று இடம்விடத் தகுந்தவளாய்
ஒரு நிமிடம் இருந்தேன்.
மறுநாள் கடிதம் வந்தது:
வேலை நிரந்தரம், பல் வைத்தியத்துக்குக் காப்பீடு.

அதே வாரம்தான் நிஸ்கு பட்டறையில்
இருபது வெல்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
இருபதில் ஒருவர் இதோ, கையெழுத்துப் போடுகிறார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம்.
இவருக்குத் தொப்பி போயிற்று,
அப்புறம் தலைக்கும் வந்துவிட்டது.

"யாரும் போட்டுப் பார்க்கவில்லையே?"
"விதிப்படி அனுமதியில்லை" என்றேன்.
அது பொய்யல்ல.

வாசலில் அணிந்துகொண்டார்.
வரிசையில் நின்ற பையன், கைபேசியிலிருந்து
கண் எடுக்காமலே, அரை அடி ஒதுங்கினான்.
திரும்பிச் சொன்னார்:
கலந்து பேச ஆளில்லாதவன்
தொப்பியை முன்னால் வைத்துக் கேட்பானாம் அவர்கள் பக்கம்.
"பதினோரு வாரம் கேட்க ஒன்றும் இல்லை."

படிவத்தை எடுத்தேன். கோட்டை அடித்தேன்.
என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
கட்டம் காலியாகவே கோப்புக்குள் போனது.

இரவு என் கம்பளிக் குல்லாயைச்
சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.
பன்னிரண்டு டாலர், தள்ளுபடியில் வாங்கியது.
அவர் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறது,
சொல்லிவிடவா என்று கேட்டேன்.

அது வாய் திறக்கவில்லை.
பனி உருகி, மேசை விரிப்பில்
ஒரு தலையளவுக்கு ஈரம் மட்டும் பரவிக்கொண்டிருந்தது.