பதினெட்டு கிராம்

தம்பெரேயில், லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியில்
சமையல் தராசில் வைத்துக் காட்டினான் யிர்க்கி.
பதினெட்டு கிராம்.
மாவு சலிக்கும்போது நான் சிந்துவது இதைவிடக் கூடுதல்.

நாற்பத்தெட்டு வருடம் கேட்டது இவ்வளவுதானா
என்று கேட்கவில்லை. பணத்தை எண்ணினேன்.
கை நடுங்கியதில் ஒரு தாள் கூடப் போனது.
பையன் நல்லவன், திருப்பித் தந்தான்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
டப்பாவைத் துணியில் சுற்றி
ஸ்வெட்டருக்குள் விட்டு
கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் பூட்டினேன்.
பிள்ளை சுமந்து பழக்கமில்லை;
ஒவ்வோர் அடியையும் பனியிடம் கேட்டுக் கேட்டு வைத்தேன்.

ஔலு ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர்
"மார்பு வலிக்கிறதா?" என்றார்.
"ரொட்டி," என்றேன். "சூடு ஆறிவிடும்."
ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து மணி நேரம். ஜன்னல் முழுக்க வெள்ளை.
வேண்டாம் என்றவர்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது வயதில், சைக்கிள் ஏறிச் செத்த விரியனை
பிஸ்கெட் டப்பாவில் வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் அம்மாவுக்கு வாடை தெரிந்தது.
டப்பாவைக் கொதிக்கவைத்தாள். பிறகு சோப்புப் போட்டு
என் கைகளை, விரல் விரலாக.
அப்புறம் விடுதி வார்டன். அப்புறம் வீட்டுக்காரர்;
ஒப்பந்தத்தில் 'ஊர்வன' என்று தன் கைப்பட எழுதிச் சேர்த்தார்.
அப்புறம் பௌலி. நானா அதுவா, நீயே சொல்.
நீ என்றேன், இருபத்தாறு வருடம்.
வருடத்துக்கு ஒருமுறை அதே சண்டை,
செத்த பாம்பை அடிப்பதுபோல.
கடைசியில் அவன் போனது
இரண்டு வேட்டை நாய்கள் வளர்க்கும் ஒருத்தியிடம்.

அதற்குப் பின்னும் மூன்று வருடம் வாங்கவில்லை.
வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லாதபோது
அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.
நன்றாகவே செய்தேன்.
மின்கட்டணம் என்றேன். இந்த வயதிலா என்றேன்.
எனக்கு ஒன்று ஆனால் அதை யார் பார்ப்பார்கள் என்றேன்.

வீட்டில் கண்ணாடித் தொட்டி ஒரு வாரமாகத் தயார்.
ஒரு மூலையில் முப்பத்தொரு டிகிரி.
மரத்தூள். ஒளிந்துகொள்ள, காது உடைந்த ஒரு கோப்பை.
ஃப்ரீசரில் புளூபெர்ரிக்குப் பக்கத்தில்
சுண்டுவிரல் அளவு எலிக்குஞ்சுகள், இருபது.

மூடியைத் திறந்து கையை நீட்டினேன்.
கழுத்தைப் பட்டையாக்கிச் சீறியது,
பென்சில் தடிமனுக்குள் அவ்வளவு கோபம்.
பிறகு முறுக்கிக்கொண்டது, நெளிந்தது,
வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கவிட்டு
மல்லாந்து
செத்துப்போனது.

நாற்றமும் அடித்தது.

கோட்டைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன்.
குளிர் தாக்கியிருக்கும். இல்லை, நான்தான்
இறுக்கிப் பிடித்திருப்பேன்.

யிர்க்கி போனில் சிரித்தான்.
"நிமிர்த்திப் போடுங்கள், பாருங்கள்."
விரல் நுனியால் நிமிர்த்தினேன்.
உடனே புரண்டு மறுபடி மல்லாந்தது.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
செத்தவர்கள் மல்லாந்துதான் கிடக்கவேண்டும்
என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு ஹில்க்கா
வெந்நீர்க் குழாயைத் தட்டினாள்.

விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல்
சமையலறையில் போய்க் காபி போட்டேன்.
திரும்பி வந்தபோது நாக்கு உள்ளே போயிருந்தது.
மேல்நோக்கி வளைந்த குட்டி மூக்கு
தூளைக் கிளறி, ஒரு வால்நுனியை மட்டும்
வெளியே மறந்துவிட்டிருந்தது.

இது பிப்ரவரிக் கடைசி. பெயர் இன்னும் வைக்கவில்லை.
நேற்று தராசு பத்தொன்பது காட்டியது.
அந்த ஒரு கிராம் இந்த வீட்டில் வளர்ந்தது.
யாரிடமாவது சொல்லியாக வேண்டும்;
ஹில்க்காவைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தாள். அது அவளைப் பார்த்தது,
உடனே வாயைப் பிளந்து மல்லாந்தது.

"ஐயோ இர்மெலி," என்றாள், என் தோளைத் தொட்டு.
"இவ்வளவு வருடம் காத்திருந்து."

ஆமாம் என்றேன்.
அவளுக்கும் காபி ஊற்றினேன்.