வேற லாட்

வீரபாண்டி பிரிவு தாண்டியதும்
தகரக் கொட்டகைக்குள் இருபது வண்டி.
எல்லாக் கண்ணாடியிலும் வெள்ளை எழுத்தில் விலை,
எல்லா வண்டிக்குள்ளும் ஒரே ஊதுபத்தி வாசம்.

"சிங்கிள் ஓனருங்க்கா, டாக்டர் வண்டி.
ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்" என்றான்
நவநீதன் என்று சட்டையில் அட்டை குத்திய பையன்.

எங்கூட்டுக்காரர் டயரை உதைத்துப் பார்த்தார்.
எதற்கு உதைக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.
பானெட்டைத் திறக்கச் சொல்லி
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
"ம்" என்றார்.

நான் கலரைப் பார்த்தேன்.
பதினாறு வருசமாக அதைத்தான் பார்க்கிறேன்.
தலைக்கு மேல் ட்யூப்லைட், கையில் பனியன்,
நாளுக்கு எழுநூறு பீஸ்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
உடம்பு ஒரு சாயமும் கை ஒரு சாயமுமாக
வந்து விழுகிறவை.
ட்யூப்லைட் பொய் சொல்லும்.
செக்கிங் டேபிளில் முதல் வாரமே அது தெரிந்துவிடும்.

"சித்தெ வண்டிய வெளிய எடுங்க தம்பி."
"இங்கயே நல்லாத் தெரியுதுங்களே க்கா."
"வெயில்ல பாக்கோணும்."

பங்குனி மாசத்துப் பதினோரு மணி.
இடது பக்கப் பின்கதவு
இந்த வண்டியோடு பிறந்ததில்லை.
வெள்ளியில் ஒரு சிட்டிகை நீலம் கூடியிருந்தது.
மற்ற மூன்றும் ஒரு லாட்.
இது வேற லாட்.

மணிபர்ஸில் எப்போதும் ஒரு பட்டை
அம்பு ஸ்டிக்கர் கிடக்கும், சிவப்பு, நகத்தளவு.
ஒன்றை உரித்துக் கதவில் ஒட்டிவிட்டேன்.
கை தானாகச் செய்தது.

சென்னியப்பன் போனை வைத்துவிட்டு வந்தார்.
அம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எந்தக் கம்பெனிங்க?"
சொன்னேன்.
"அதானே" என்றார்.

அப்புறம் பேச்சு இல்லை, கால்குலேட்டர்தான்.
2,85,000 என்று தட்டி என் பக்கம் திருப்பினார்.
அழித்து 2,10,000 போட்டுத் திருப்பினேன்.
டீ வந்தது.
2,70,000.
எங்கூட்டுக்காரர் வாயைத் திறந்தார்.
மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.
2,18,000.

"ஏனுங், நாங்களும் சோறு திங்கோணுமில்லீங்."
"தாராளமாத் தின்னுங்க.
அந்தக் கதவுக்கு நான் எதுக்குங்க சோறு போடோணும்?
செகண்ட்ஸ எடுத்து வெச்சு
எக்ஸ்போர்ட் வெலை சொல்றீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கு வரவில்லை.
2,42,000த்தில் நின்றது.
அந்தக் கால்குலேட்டரில் அழிக்கிற பொத்தான்
எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தது.

பிறகு அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி
சத்தம் ஏற்றாமல் சொன்னார்:
"டாக்டர் வண்டியாடா? இரு,
உன்ற கமிசன்ல பாத்துக்கறேன்."

ஈரத் துணியோடு நின்ற நவநீதன்
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
நான் அம்பு ஒட்டிய பீஸ் லைனுக்குத் திரும்பும்.
ஓவர்லாக் பவளக்கொடி
தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரு கையில் சோறும் ஒரு கையில் பிரிக்கிற தையலுமாக
மத்தியானத்தை முடிப்பாள்.
என்னை ஒன்றும் சொல்லமாட்டாள்.
நானும் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

ரெண்டாயிரம் சேர்த்துத் தருகிறேன்,
பையனை விட்டுவிடுங்கள் என்று
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
ஆறின டீயோடு அதையும் விழுங்கினேன்.
பதினெட்டாயிரம் தள்ளி எடுத்த ஏலச்சீட்டுப் பணம்,
மஞ்சள் பையில் ரப்பர் போட்டது.
மூன்று தரம் எண்ணிக் கொடுத்தேன்.

வண்டியைத் தெருவுக்கு எடுக்கும்போது
கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான்.
"பாத்துப் போங்க்கா" என்றான்.
எல்லாரிடமும் சொல்வதுதான்.

சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்
குனிந்து சொன்னார்,
"அண்ணா, கதவுல என்னமோ ஒட்டியிருக்குது."
"இருக்கட்டுங்க" என்றேன் நான்.

ஒரு மாசம் ஆகிறது. மழை ஒன்று பெய்தும் விழவில்லை.
மகள் அந்தப் பக்கம்தான் உட்காருவேன் என்கிறாள்.
மற்ற மூன்றும் ரெண்டு தரம் அடித்தால்தான் மூடுகின்றன.
அது மட்டும்
தொட்டதும் மூடிக்கொள்கிறது.