வட்டம் வரைபவன்

சந்தையை எவ்வளவு அகலமாய் வரையலாம் என்பதற்குத்தான்
பிரஸ்ஸல்ஸில் எனக்குச் சம்பளம்.
காளான் கத்தி வழக்கில்
தெருமுனைக் கடைகளைச் சேர்த்தேன்,
ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் திடல்களை,
காட்டோரம் கூடை விரிப்பவர்களைக்கூட.
வட்டத்துக்குள் எங்கள் நிறுவனம்
கடுகாய்ச் சிறுத்தது.
காரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிர்னோவிலிருந்து வந்திருந்தாள் போஹுமிலா.
கத்தியை வாசலிலேயே காவலர்கள் வாங்கிக்கொள்ள,
கழற்றிய பன்றிமயிர்த் தூரிகை மட்டும் மேசைமேல்.
"மண்ணைத் தட்ட" என்றாள், கேட்காமலே.

எட்டு வருடம் அவள் விற்றதையெல்லாம்
எண்ணிக்கொண்டிருந்தவர்கள்
ஒன்பதாம் வருடம் அதையே செய்தார்கள்,
பத்து யூரோ குறைவாக.

"வெளியேற உங்களை யார் தடுத்தது?"
மூத்த வக்கீலின் கேள்வி. எழுதித் தந்தவன் நான்.

மொழிபெயர்ப்பு காதுக்கு வரும்வரை காத்திருந்தாள்.
"கதவு திறந்தேதான் கிடக்கிறது.
வெளியே தெருவைத்தான் காணோம்."

ஏகபோகமா இல்லையா,
தீர்ப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று.
காளான் பருவம் அதற்குள் முடிந்துவிடும்.

இரவு ரயிலில் அந்தக் கத்தியைத் தேடினேன்.
அவளுடையது நான்காம் பக்கத்தில்.
முதலில் இருந்தது
நாளைக் காலையே வந்துவிடும் என்றது.

கட்டைவிரல் ஒரு கணம் நின்றது.
ஒரே கணம்தான்.