கொள்ளளவு

என் வேலைக்குக் கொள்ளளவு பார்ப்பது என்று பெயர்.
வெறுங்காற்றில் எவ்வளவு கட்டலாம் என்று
கூட்டிக் கழித்துச் சொல்வேன்.
நாகோயாவில் இருபத்திரண்டு வருடமாய் இதுதான் சோறு.

உசாமி கோசாகு அழைத்தது ஒரு பிப்ரவரியில்.
மூன்று மீட்டர் அறுபது அகலச் சந்து.
இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால்
ஒன்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்கும்.
அதில் நான்கு தளக் கட்டடம்.
கீழே ஹிரானுமாவின் பட்டறை. பல் செட் செய்கிறவர்.
ஜன்னலோரத் தட்டில்
யார் யாருடைய சிரிப்புகளோ காய்கின்றன.
அடுத்த தளத்தில் மணிச்சட்ட வகுப்பு.
அதற்கு மேல் ஒரு நர்ஸ்:
அளக்க வந்திருக்கிறேன் என்றதும்
கதவைத் திறந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்,
இரவுப் பணி.
உச்சியில் பூட்டிய அலமாரிகள் மட்டும்.

நாடாவை விரித்ததும்
முதலில் சந்து தன் பங்கைக் கேட்டது.
புதிதாகக் கட்டுகிறவன்
அதன் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர்
தள்ளி நிற்க வேண்டும்.
அதாவது இருபது சென்டிமீட்டர் பின்வாங்கல்.
ஒன்பது மீட்டர் முகப்பில் அது
ஒரு பாயும் கொஞ்சம் கொசுறும்.

அப்புறம் மண்டலக் கோடு.
முன்பாதி வணிகம், பின்பாதி குடியிருப்பு.
வரைபடத்தில் மயிரிழை.
நேரில் அது நர்ஸின் கட்டிலுக்குக் குறுக்கே போனது,
தலையணை வணிகத்தில்
பாதங்கள் குடியிருப்பில்.
தூங்குகிறவளை எழுப்பி
அம்மணி, நீங்கள் இரண்டு சட்டங்களில் கிடக்கிறீர்கள் என்று
யார் சொல்வது?

அப்புறம் நிழல்.
வருடத்தின் மிகக் குறுகிய பகலில்
எட்டு மணி முதல் நான்கு மணி வரை
வடக்கு வீட்டுக்காரன் மேல்
எவ்வளவு நேரம் விழலாம் என்று
கட்டப்படாத ஒரு கட்டடத்துக்காகச்
சூரியனை மணிக்கு மணி நகர்த்தினேன்.
வடக்கே யாரோ மெத்தை உலர்த்தியிருந்தார்கள்.
கணக்கில் அந்த மெத்தை வராது.
இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கோசாகு நினைத்திருந்தது பத்து தளம்.
கம்பெனிக்காரன் வழுவழுத் தாளில்
அச்சடித்தே கொடுத்திருந்தான்:
லிஃப்ட், கீழே காபிக் கடை,
பால்கனியில் சிரிக்கும் ஒரு ஜோடி.
பற்கள் ரொம்ப ஒழுங்கு.
ஹிரானுமா பார்த்தால் உதடு பிதுக்குவார்.

இருநூற்று அறுபது சதுர மீட்டர், என்றேன்.
மொத்தமாகவா?
மொத்தமாக.
இப்போது நிற்பது?
முந்நூற்று அறுபத்தெட்டு.

அவர் அப்பா கட்டியது ஷோவா நாற்பத்தொன்றில்,
இந்த விதிகளுக்கு மூத்தது.
பின்னால் பிறந்த சட்டம்
மூத்ததை இழுத்துப்போட்டு அடிப்பதில்லை.
பொருந்தாதது என்று ஓரத்தில் குறித்துவிட்டுச்
சும்மா இருக்கிறது.
தொடும்வரை.
கடப்பாரை விழுந்த மறுநாள்
நூற்றெட்டு சதுர மீட்டர்
வந்த காற்றுக்கே திரும்பிவிடும்.

அப்படியென்றால் இந்த மனையின் வருங்காலம்?
கட்டியாகிவிட்டது, என்றேன்.
நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்,
பாதியில் நிறுத்தினார்.

அதுவரை பேசாதிருந்த அக்கா தொகிகோ
படிக்கட்டுச் சுவரின் விரிசலில் விரல் வைத்து,
நிலம் நடுங்கித் தானாக விழுந்தால்? என்றார்.
விழுந்தாலும் அதே கணக்குதான்.
விரலை எடுக்கவேயில்லை,
அங்கேதான் எங்கோ
நூற்றெட்டு மீட்டரும் கசிவதுபோல்.

என் கூலியில் மாற்றமில்லை.
ஆகும் என்றாலும் ஆகாது என்றாலும் ஒரே தொகை.

வெளியே வந்தபோது
ஹிரானுமா ஒரு கீழ்த்தாடையை விளக்குக்குக் கீழே திருப்பிக்கொண்டே
மார்ச்சுக்குள் காலி செய்யணுமா என்று கேட்டார்,
என்னைப் பார்க்காமல்.
என் வாடிக்கையாளர் அவரில்லை.
நான் பதில் சொல்லக் கூடாது.
சந்து ரொம்பக் குறுகல் என்று மட்டும் சொன்னேன்.

மேலே மணிச்சட்டங்கள் சடசடத்தன.
நர்ஸ் இறங்கி வந்து சைக்கிளைத் தள்ளினாள்.
எதிரே இன்னொரு சைக்கிள்.
பட்டறைக் கதவின் குழிவுக்குள் ஒதுங்கி
மன்னிக்கவும் என்றாள்,
எங்கள் எல்லோருக்குமாக.